திரு. ராபட்டா ஏன் மூன்று முறை வரவில்லை

வைகாரோ, கிழக்குக் கரை
செவ்வாய்க்கிழமை, விடாத மழை

மரியாதைக்குரிய ரிபெகா அக்காவுக்கு,

தம்பி ஹாமுவேரா எழுதுவது. நம் முறைப்படி முதல் வணக்கம் நம்மை விட்டுப் போனவர்களுக்கு. அவர்கள் நிம்மதியாக உறங்கட்டும். அடுத்தது நம் மலைக்கும் ஆற்றுக்கும். அதற்குப் பிறகுதான் பெர்த் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும் உனக்கும் அத்தானுக்கும். இங்கே நானும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் உன் மகள் வைமாரி வாழும் ஊரில் ஒருவன் அப்படி எழுதினால் அது பச்சைப் பொய். எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள், படுத்துக்கொண்டு எழுதுகிறேன். ஏன் படுத்திருக்கிறேன் என்பதை வரிசைப்படி வரும்போது சொல்வேன். அதற்குள் கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே, உன் புத்தி எனக்குத் தெரியும். விஷயம் இதுதான்: அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலைக்குள் நீ அவளுக்குப் போன் செய்து, பெற்றவள் என்கிற அதிகாரத்தில், அவள் செய்யப்போகும் ஒரு காரியத்தை நிறுத்தியாக வேண்டும். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். மருத்துவப் படிப்பில் நாலாம் வருஷம் வந்ததும் தாய்மாமன் பேச்சுக்கு மதிப்பில்லாமல் போய்விட்டது.

நான் முப்பத்தோரு வருஷம் கரையோரப் பஸ்ஸை ஓட்டியவன். கரையில் இருப்பது அந்த ஒரே பஸ். காலை எட்டு மணிக்குக் கடைசிக் கிராமத்தில் கிளப்பினால் பதினொன்றேகாலுக்கு வைகாரோ ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்துவேன்; ஒரு நிமிஷம் முன்னே பின்னே கிடையாது, ஜனங்கள் என் பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்துவார்கள். ஓய்வு பெற்ற பிறகு இங்குள்ள மருத்துவக் கல்லூரியில் எனக்கு நோயாளி வேலை கிடைத்தது. சிரிக்காதே. பரீட்சையில் மாணவர்கள் பரிசோதிப்பதற்காக நோயாளியாக நடிக்கும் வேலை. வரிசையாகப் பன்னிரண்டு அறை; மணி அடித்தால் மாணவன் உள்ளே வருவான், எட்டு நிமிஷத்தில் மறுபடி மணி அடித்தால் அடுத்த அறைக்கு ஓடுவான். நான் ஏழாம் அறை. என் பெயர் திரு. ராபட்டா, வயது ஐம்பத்தாறு, ஊர் கரையோரக் கடைசிக் கிராமம், சர்க்கரை வியாதி, மாத்திரை ஒழுங்காக எடுப்பதில்லை, சிகரெட் பிடிப்பவர், வரச் சொல்லியும் மூன்று முறை வராதவர். எல்லாம் கோப்பில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். கோப்பில் "ஆர்வமின்மை காட்டவும்" என்று மட்டும்தான் இருந்தது. தோளைக் குலுக்கியது என் சொந்தச் சரக்கு. இடது தோளை மெல்லத் தூக்கி, ஜன்னல் பக்கம் பார்த்து, "ம்... மறந்துபோச்சு டாக்டர்" என்பேன். மாணவர்கள் கண்ணில் கருணை பொங்கும். ஒரு பேராசிரியர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "இவ்வளவு தத்ரூபமான மாவோரி நோயாளியை நான் பார்த்ததே இல்லை" என்றார். நான் மாவோரிதானே, வேறு எப்படி இருப்பேன் என்று தோன்றியது. ஆனாலும் பாராட்டு பாராட்டுதான். ஒன்பது வருஷம், அக்கா. மாணவனுக்கு நானும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவேன்.

அந்தப் பரீட்சையில் "பண்பாட்டு உணர்வு" என்று ஒன்று உண்டு, இரண்டு மார்க். மாணவன் நம் மொழியில் வணக்கம் சொல்லி, உங்கள் மலை எது, ஆறு எது என்று கேட்டுவிட்டால் அந்த இரண்டு மார்க்கும் விழுந்துவிடும். நம் ஆட்கள் ஒருவரையொருவர் சந்தித்தால் இப்படிக் கேட்டு உறவு கண்டுபிடிப்பார்கள் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லித் தொலைத்திருக்கிறார்கள். பதில் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவார்கள். ஒரு பையன் மலை எது, ஆறு எது, மலம் ஒழுங்காகப் போகிறதா என்று ஒரே மூச்சில் கேட்டுவிட்டு வயிற்றை அமுக்கினான். எந்த மலையைச் சொன்னாலும் "ரொம்ப நல்லது" என்பார்கள். ஒரு வருஷம் அலுத்துப்போய் ஆல்ப்ஸ் என்றேன். அதுவும் ரொம்ப நல்லது.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் உன் மகள் நுழைந்தாள். அவளும் இன்னும் பத்து மாவோரி மாணவர்களும் சேர்ந்து, ஏழாம் அறையை மாற்ற வேண்டும், பன்னிரண்டு அறையில் மாவோரி ஒருவன்தான், அவனும் சொன்னபடி கேட்காதவன், இதைப் பார்த்துப் பார்த்து டாக்டராகிறவன் வெளியே போய் என்ன செய்வான் என்று டீனுக்குக் கடிதம் எழுதினார்கள். டீன் ஹார்கிரேவ் அம்மாள் நல்லவர். உடனே குழு அமைத்தார். எட்டு வெள்ளைக்காரப் பேராசிரியர்கள், மாணவர்கள் சார்பில் வைமாரி. ஒவ்வொரு கூட்டத்திலும் ஆரம்பப் பிரார்த்தனை அவள் சொல்ல வேண்டும், முடிவுப் பிரார்த்தனையும் அவள்தான், நடுவில் அவள் பேச நேரம் இருக்காது. ஒன்பது மாதம் கூடினார்கள். கடைசியில் கல்லூரி வாசலில் செதுக்கு வேலை செய்த மரத்தூண் ஒன்று வந்தது, ரொம்ப அழகு. ஏழாம் அறை இருந்த இடத்தில் இருந்தது. நான் சந்தோஷமாகத் தோளைக் குலுக்கிக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் அந்தப் படிவம். சொந்தக்காரரான நோயாளியை மாணவர் பரிசோதிக்கக் கூடாது, உறவு இருந்தால் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கல்லூரியில் சட்டம். படிவத்தில் அதற்கு இரண்டு கோடு விட்டிருந்தார்கள், பாவம். பதினோரு பேரும் ஆளுக்கு இருபத்தாறு பக்கம் இணைத்தார்கள். வம்சாவளியைத் தாளில் கொடுத்துவிட்டுப் போவது மரியாதை இல்லை, நின்று சொல்லத்தான் வேண்டும், சொன்னதும் ஒரு பாட்டும் பாட வேண்டும் என்றார்கள். முறை அதுதான், நானும் மறுக்க முடியாது. இரண்டு நாள் ஆயிற்று, அக்கா. டீன் அலுவலகத்தில் பதினோரு வம்சாவளி, பதினோரு பாட்டு. நான் சாட்சியாக உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் டீன் அம்மாள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"பதினோரு பேரும் எப்படிம்மா ஒரே ஆளுக்குச் சொந்தமா இருக்க முடியும்?"

"ஒரே தோணியில வந்தோம் மேடம்," என்றாள் உன் மகள்.

"எப்போ?"

"எழுநூறு வருஷம் இருக்கும்."

"படிவத்துல நெருங்கிய உறவுன்னுல்ல போட்டிருக்கு!"

"நெருக்கியடிச்சு உட்கார்ந்துதான் மேடம் வந்தாங்க. தோணி சின்னது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன், என் பிழைப்பாயிற்றே. ஒரு மாணவனுக்கு நடக்காத பரீட்சை யாருக்கும் நடக்கக் கூடாது என்பது அவர்களுடைய இன்னொரு சட்டம். ஆகவே பதினோரு பேருக்கு மூடிய ஏழாம் அறை எல்லோருக்கும் மூடியது. அவர்கள் சட்டத்தை வைத்தே அவர்கள் கதவைச் சாத்திவிட்டாள். இந்த மூளை உன் பக்கத்திலிருந்து வந்திருக்க வாய்ப்பில்லை, அத்தான் பக்கமாகத்தான் இருக்கும்.

கல்லூரி சும்மா இருக்குமா? சொந்தமில்லாத ஆளைத் தேடி நைஜல் என்பவரைக் கொண்டுவந்தார்கள். வானொலியில் வானிலை அறிக்கை வாசித்து ஓய்வு பெற்றவர், வெள்ளை வெளேர் என்று இருப்பார். அவர் இனிமேல் திரு. ராபட்டா! அதுகூடப் பரவாயில்லை, அவருக்குத் தோள் குலுக்கலைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று என்னையே கேட்டார்கள், பார். என் சமையலறையில் நிற்க வைத்துக் கற்றுக்கொடுத்தேன். "அப்படித் தூக்காதீங்க நைஜல், மேற்கே புயல் வருதுன்னு சொல்ற மாதிரி இருக்கு" என்றால், இன்னும் உயரத் தூக்குவார். கடைசியில் அவரும் அந்தப் படிவத்தை நிரப்பினார். கொள்ளுப்பாட்டியின் பெயரை எழுதினார். வைமாரி அதைப் பார்த்தாள், இரண்டு பேருக்குப் போன் செய்தாள், அவ்வளவுதான். அந்தக் கொள்ளுப்பாட்டி நம் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர். வெள்ளைக்காரரைக் கட்டிக்கொண்டு தெற்கே போனவர். அடுத்த சனிக்கிழமை நம் குலம் கூடும் மராயில், நம் முன்னோர் கூடத்து வாசலில், பெண்கள் குரல் எடுத்து நைஜலை உள்ளே அழைத்தார்கள். மனிதர் குழந்தை மாதிரி அழுதார். நானும் அழுதேன், அது வேறு விஷயம். அன்றிலிருந்து வாரம் தவறாமல் வந்து பாத்திரம் கழுவுகிறார், கழுவி முடித்ததும் என் நாற்காலியில் உட்காருகிறார்.

ஏழாம் அறைக்குப் பூட்டுப் போட்டாயிற்று. என் வேலை போயிற்று. மாணவர்கள் அதோடு விடவில்லை. பேராசிரியர்கள் எல்லோரும் மூன்று நாள் மராயில் தங்க வேண்டும், எல்லோரோடும் கூடத்தில் பாய் விரித்துப் படுக்க வேண்டும், சமையலறையில் வேலை செய்ய வேண்டும், அதற்குப் பிறகுதான் புதிய பரீட்சையைப் பற்றிப் பேச்சு என்றார்கள். டீன் அம்மாளும் சரி என்றுவிட்டார், இன்னொரு வம்சாவளி கேட்க அவர் உடம்பில் தெம்பில்லை.

இதற்கு நடுவில் எனக்கு ஒரு சின்ன உபத்திரவம். குதிரைக்குத் தீனி போட மேட்டில் ஏறினால் நெஞ்சை இறுக்கியது. இரண்டு வாரம் பார்த்துவிட்டுச் சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு, மாத்திரை டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். எனக்கு ரத்த அழுத்தம் இருக்கிறதல்லவா, ஒரு வேளை மாத்திரை தவறியதில்லை. உள்ளே டாக்டர் பிரென்டன். பார்த்ததும் எனக்குப் பெருமை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஏழாம் அறைக்கு வந்த பையன், என்னிடம் பத்துக்குப் பத்து வாங்கியவன். அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. கணினியைப் பார்த்தபடியே கேட்டான்:

"மாத்திரையெல்லாம் ஒழுங்கா எடுத்துக்கறீங்களா?"

"எடுத்துக்கறேன் டாக்டர். இதோ டப்பா. மேட்டுல ஏறினா நெஞ்சைப் பிடிக்குது."

அவன் சிரித்தான். பரவாயில்லை, உண்மையைச் சொல்லலாம், நான் கோபப்பட மாட்டேன் என்கிற சிரிப்பு. எனக்குத் தெரிந்த சிரிப்பு அது. நான் பத்துக்குப் பத்து போட்டதே அதற்காகத்தான்.

"வேற எங்கயாவது வலி இருக்கா?"

"இங்க வருது டாக்டர்," என்று இடது தோளைத் தூக்கிக் காட்டினேன்.

அக்கா, தூக்கின பிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்கே உறைத்தது. பிரென்டன் முகத்தில் கருணை பொங்கியது. கணினியில் தட்டினான். எட்டிப் பார்த்தேன். "ஆர்வமில்லை" என்று இருந்தது. சிகரெட்டை விடுவது எப்படி என்று ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்தான். "நான் சிகரெட் பிடிக்கிறதில்லையே டாக்டர்" என்றேன். "சும்மா படிச்சுப் பாருங்க, அவசரம் ஒண்ணுமில்லை" என்று தோளைத் தட்டிக் கொடுத்தான், வலிக்கிற தோளை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, நான் ஒன்பது வருஷம் ரிகர்சலோடு வைத்துக்கொண்டேன். யாரிடம் போய்ச் சொல்வது? வீட்டுக்கு வந்து அந்தப் பிரசுரத்தைப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள்.

போன வாரம் பேராசிரியர்கள் மராய்க்கு வந்தார்கள். முதல் நாளே உடற்கூறியல் பேராசிரியர் சாப்பாட்டு மேசை மேல் உட்கார்ந்துவிட்டார். நம் சமையலறைப் பெண்கள் ஈரத் துணியோடு பாய்ந்தார்கள். "எழுந்திருய்யா! மேசை சாப்பாட்டுக்கு, குண்டி நாற்காலிக்கு! இந்த வித்தியாசம் தெரியாமலா உடம்பைப் பத்திப் பாடம் எடுக்கற?" அவர் குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார். அடுத்த வருஷம் அதற்கும் இரண்டு மார்க் வரும், பார்த்துக்கொண்டே இரு.

மூன்றாம் நாள் மத்தியானம், ஆட்டிறைச்சியும் கீரையும் வெந்த பெரிய அண்டாவை இறக்க வேண்டும். நாற்பது வருஷமாக அதை இறக்குகிறவன் நான்தான், வேறு யார் கை வைத்தாலும் எனக்குப் பிடிக்காது. அன்றைக்கு ஏனோ "நைஜல், நீங்க தூக்குங்க" என்றேன். தட்டு துடைத்துக்கொண்டிருந்த வைமாரி திரும்பினாள்.

"மாமா, அண்டாவை ஏன் அவர்கிட்ட குடுத்தீங்க?"

"அவரும் நம்ம ரத்தம்தானே, தூக்கட்டும்."

"போன மாசம் அவர் தொட்டதுக்கே கத்தினீங்களே. எத்தனை நாளா வலி?"

நான் தோளைக் குலுக்கினேன்.

"அதெல்லாம் எங்கிட்ட வேணாம் மாமா. உட்காருங்க."

இதயத்துக்கென்றே படித்த பேராசிரியர் ஒருவர் ஒரு மணி நேரமாக என் பக்கத்தில் நின்று கரண்டி துடைத்துக்கொண்டிருந்தார், அக்கா. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அவருக்கு நான் அண்டா தூக்குகிறவன் என்று எப்படித் தெரியும்? அவரையே வண்டி ஓட்டச் சொல்லி என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாள். இதயக் குழாய் ஒன்றில் முக்கால் அடைப்பு; ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். பதறாதே, நன்றாக இருக்கிறேன், கஞ்சி மட்டும் சகிக்கவில்லை. கண் விழித்தபோது அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "படிவத்துப்படி பார்த்தா நான் உங்களைத் தொட்டிருக்கவே கூடாது மாமா," என்று சொல்லிவிட்டு அழுதாள். ரொம்ப நேரம் அழுதாள்.

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். அன்று கல்லூரிப் பேரவை கூடுகிறது. மாணவர்களே எழுதிய புதிய பரீட்சையை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். பேரவையில் பாதிப் பேர், "இந்தக் கேசால யாருக்காவது கெடுதல் நடந்ததா? ஆதாரம் எங்கே?" என்று கேட்கிறார்களாம். வைமாரி என்னை ஆதாரமாக நிறுத்தப் பார்க்கிறாள். என் பெயர், என் அடைப்பு, அந்தப் பிரசுரம், தோள் எல்லாவற்றையும் சொல்ல அனுமதி கேட்டாள். முடியாது என்றேன். பிரென்டனின் அம்மா என் பஸ்ஸில் போய்வந்தவள், அந்தப் பையன் கெட்டவன் இல்லை என்றேன். "கெட்டவர்னு யார் சொன்னா? கத்துக்குடுத்ததைச் செஞ்சார்," என்றாள். பிறகு மெல்ல ஒரு கேள்வி கேட்டாள்.

"ராபட்டா ஏன் மூணு தடவை வரலை மாமா?"

"கோப்புல அது இல்லையே."

"ஒன்பது வருஷத்துல ஒரு ஸ்டூடண்டாவது கேட்டாங்களா?"

"இல்லை."

"நீங்க?"

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு வெட்கமாக இருக்கிறது. கோப்பை அவர்கள் எழுதினார்கள், தோளை நான் கொடுத்தேன். எத்தனை பேர் அந்த அறைக்கு வந்துபோயிருப்பார்கள், அவர்களெல்லாம் எந்தெந்த ஊரில் யார் யார் நெஞ்சைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தால் கஞ்சி இறங்கவில்லை. இதை ஊர் முழுக்கத் தெரிய வைக்க வேண்டுமா? ஆகவே நீ உடனே போன் செய்து, மாமாவின் மானத்தைச் சந்திக்கு இழுக்காதே, படிக்கப் போனவள் படிப்பை மட்டும் பார் என்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தேவைப்பட்டால் பெர்த்துக்கே வரவழைத்துக்கொள். அங்கேயும் மருத்துவக் கல்லூரி இருக்கும், அங்கேயும் ஏழாம் அறை இருக்கும், அவர்கள் பாடு.

அத்தானுக்கு என் அன்பு. அவர் முட்டிக்கு என் அனுதாபம். உங்கள் வீட்டு வாசலுக்கு நல்லவர்கள் மட்டும் வரட்டும், வந்தவர்கள் வயிறு நிறைந்து போகட்டும், நம் முன்னோர் நிழல் கடல் தாண்டியும் உங்கள் மேல் விழட்டும்.

உன் பிரியமுள்ள தம்பி,
ஹாமுவேரா

பி.கு.: போன் செய்யாதே. செய்தாலும் அவள் எடுக்க மாட்டாள், அவள் போன் என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்க நைஜல் வந்தார். கூடவே, நான் கேட்டதற்காக, ராபட்டாவின் பழைய கோப்பையும் கொண்டுவந்தார். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக என் வசனத்தை விட்டுவிட்டு மற்றதைப் படித்தேன். வெள்ளிக்கிழமை வைமாரி பேச வேண்டியதில்லை, நானே போகிறேன். நடக்கக் கூடாது என்றிருக்கிறார்கள். நைஜல் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வருவார், அதிலாவது என் நாற்காலியில் நான் உட்காருகிறேன். அந்தப் பேரவைக்கு நான் சொல்லப்போவது கொஞ்சம்தான். திரு. ராபட்டாவின் ஊர் கடைசிக் கிராமம். கோப்பில் இருக்கிறபடி, அவரை இந்த ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்ன நேரம், மூன்று தடவையும், காலை ஒன்பது மணி. பத்து மணிக்கு மேல் வந்தால் "வரவில்லை" என்று எழுதிவிடுவார்கள். கரையிலிருந்து வரும் ஒரே பஸ் ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவது பதினொன்றேகாலுக்கு. எனக்குத் தெரியும். ஓட்டியவன் நான்தான், ஒரு நிமிஷம் முன்னே பின்னே கிடையாது.